பாலத்தில் நின்ற கறுப்பு வேன்

மூன்று தலைமுறையாக நாங்கள் அமரர் ஊர்தி ஓட்டுகிறோம். துக்க வீட்டு வாசலில் என்ஜினை அணைத்துவிடுவோம். ஹாரன் அடிப்பதில்லை. அழுகிறவர்கள் முன்னால் கை நீட்டுவதில்லை. இறந்தவரை ‘பாடி’ என்று சொன்ன ஓட்டுநர் யாரும் எங்களிடம் நிலைத்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அதனால்தான், தன் மகளுக்கு வரன் பேச வருகிறவர்களிடம் ‘போக்குவரத்துத் தொழில்’ என்று மட்டும் சொல்லியிருப்பதாகத் தம்பி வந்து நின்றபோது எனக்குச் சுருக்கென்றது. நான் போகுமிடமெல்லாம் பின்னாலேயே வருவதால் ஷெட்டில் அவனுக்கு ஸ்டெப்னி என்று பெயர்.

“திருட்டா பண்றோம், மறைக்கறதுக்கு?”

“முதல்ல பேசி முடியட்டும் அண்ணே. விஷயம் தெரிஞ்சே ரெண்டு இடம் தட்டிப் போச்சு. இது அவளே பார்த்துப் பிடிச்ச பையன். அவனுக்கு எல்லாம் தெரியும், அவங்க அம்மாவுக்குத்தான் தெரியாது. நீங்க வாயத் திறக்காம உக்காந்திருந்தா போதும்.”

கூட வந்திருந்த தம்பி மகள் “பெரியப்பா” என்று மட்டும் சொல்லி என் முகத்தையே பார்த்தாள். தலையாட்டிவிட்டேன்.

அந்தப் பையன் அவளுக்குக் கொடுத்த நாவல் ஒன்று அலுவலக மேசையில் கிடந்தது. ஒரு வீட்டின் லட்சணம் அவர்கள் படிப்பதில் தெரியும் என்று எடுத்துப் புரட்டினேன். கிரேக்க தெய்வங்கள் எல்லாம் இந்தக் காலத்து நகரத்தில் பிழைப்பு நடத்துகிற கதை. சிறுசுகளுக்காக எழுதியது. இடி தேவன் ஸியூஸ் மின்சாரக் கம்பெனி முதலாளி. வீட்டுக்காரியோடு சண்டை வந்தால் ஊரே இருட்டாகிவிடும். தூதன் ஹெர்மீஸ் கூரியர் பைக்கில் பறக்கிறான். பார்த்தவரைக் கல்லாக்கும் மெடூசா நடத்தும் அழகு நிலையத்தில் எல்லாக் கண்ணாடிகளுக்கும் திரை. பாதாளத்துக்குப் போய்விட்ட தாயைத் தேடி ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் புறப்படுகிறாள். உள்ளதைச் சொல்கிறேன், சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. கண்ணாடித் திரை விலகும் இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டு ஸ்டெப்னி கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனான்.

பிறகு கேரன் வந்தான். இறந்தவர்களை அக்கரை சேர்க்கும் படகோட்டி. படகுக்குப் பதில் அவனுக்கு இந்தக் கதையில் கறுப்பு வேன். அழுக்குச் சட்டை, வாயில் சூயிங்கம். பின்னால் இறந்தவர்கள் காத்திருக்க, வண்டியைப் பாலத்தில் நிறுத்திவிட்டுப் போனில் சிரித்துப் பேசுகிறான். எனக்கு ரத்தம் கொதித்தது. புத்தகத்தை டப்பென்று மூடி, வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் சொருகினேன்.

ஞாயிற்றுக்கிழமை பையனும் அவன் தாயாரும் வந்தார்கள். அந்த அம்மாள் கணவரை இழந்தவர், மருந்துக் கடை நடத்துகிறவர். பேச்சு நல்லபடியாகவே போயிற்று. டீ வந்தது. டம்ளரைக் கையில் எடுத்தவர் அலமாரியைப் பார்த்தார்.

“அட, இந்தப் புத்தகம்! இவன் படிச்சதும் பிடுங்கி நானும் படிச்சேன். அந்தக் கறுப்பு வேன்காரன் இருக்கானே! அச்சு அசல் அப்படியேதான் எழுதியிருக்காங்க.”

ஸ்டெப்னி என்னைப் பார்த்தான். நான் பிஸ்கட்டைப் பார்த்தேன்.

“அந்தத் தொழில்ல இருக்கறவங்க எல்லாமே அப்படித்தான்” என்றார் அந்த அம்மாள்.

“இல்லம்மா” என்றேன்.

“அண்ணே, டீ ஆறுது” என்றான் ஸ்டெப்னி.

“ஆறட்டும்டா. பின்னால ஆள வச்சுக்கிட்டுப் பாலத்து மேல எவனும் வண்டிய நிறுத்த மாட்டான்மா. வண்டி நின்னா கூட வர்ற சொந்தக்காரங்க மனசு அங்கதான் உடையும். பள்ளத்துல இறங்கும்போது பிரேக்க எப்படி மிதிக்கணும்னு எங்கப்பா எனக்கு ஒரு வருஷம் சொல்லிக் கொடுத்தாரு. படுத்திருக்கறவர் தலை அசையக் கூடாது.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. தம்பி மகள் தரையைப் பார்த்தாள். அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

“உங்க போக்குவரத்து இதுதானா?”

“இதுதான்.”

அந்த அம்மாள் டம்ளரை ஓரமாகத் தள்ளினார்.

“எங்க வீட்டுக்காரரக் கொண்டு போன ஆளு வழியெல்லாம் போன்ல பேசிக்கிட்டே வந்தான்” என்றார். “நடுவுல ஒரு தடவ சிரிச்சான். அந்தச் சிரிப்பு இன்னும் காதுலயே நிக்குது.”

எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே நகரத்தில்தான். என்னிடமும் எட்டு ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். எல்லா வண்டியிலும் நானே ஏறிப் போவதில்லை. கேட்காமல் இருந்தால் கல்யாணமும் நடக்கும், மானமும் நிற்கும். ஆனால் கேட்காமல் காப்பாற்றுகிற மானத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

“வண்டியில என்ன பேரு எழுதியிருந்துச்சும்மா?”

ஸ்டெப்னி கண்ணை மூடிக்கொண்டான்.

“அழுதுக்கிட்டிருந்தவளுக்குப் பேரா தெரியும்?”

நான் எழுந்து நின்றேன். யார் முன்னாலும் இந்த முதுகு வளைந்ததில்லை. அன்றும் அது நேராகத்தான் இருந்தது. கைகள் மட்டும் தாமாகக் கூடின.

“எங்க வண்டியா இருந்தா மன்னிச்சிடுங்க. வேற வண்டியா இருந்தாலும், இந்தத் தொழில் செய்யறவன்ற முறையில மன்னிச்சிடுங்க.”

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஸ்டெப்னி பக்கம் திரும்பினார்.

“வேற என்னெல்லாம் மறைச்சிருக்கீங்க?”

“அண்ணன் பயங்கரமா குறட்டை விடுவாரும்மா. வேற ஒண்ணும் இல்ல.”

பையன்தான் முதலில் சிரித்தான்.

கிளம்பும்போது அந்த அம்மாள் வாசலில் நின்று கேட்டார்: “புத்தகத்த முழுசாப் படிச்சீங்களா?”

“இல்ல. அந்தப் பாலத்துலயே கோபத்துல மூடிட்டேன்.”

“அதானே பார்த்தேன். முடிச்சிட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. மத்தத அங்க பேசிக்கலாம்.”

மறுநாள் காலையில் ஷெட்டில் ஓட்டுநர்களை வரிசையாக நிற்க வைத்தேன். வண்டி கிளம்பியதிலிருந்து திரும்பும் வரை போன் அலுவலக மேசையில்தான் இருக்க வேண்டும் என்றேன். யாரோ ஒருவன் முனகினான். யார் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

பிறகு உள்ளே போய், வீட்டிலிருந்து எடுத்து வந்த புத்தகத்தைத் திறந்தேன். கேரன் இன்னும் அதே பாலத்தில்தான் நின்றிருந்தான், காதில் போனோடு. இந்த முறை நான் மூடவில்லை.