மேலும் கீழும் ஆடிய தலை

ஞாயிற்றுக்கிழமை காலை ராதோமிர் கொட்டகைக் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு போய் சன்னலைத் திறந்துவிட்டார். மூலையில் பெரிய கண்ணாடி ஜாடி. குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸும் மிளகாயும் ஊறவேண்டிய ஜாடி அது. இப்போது அதற்குள் கோழி எச்சமும் செப்புப் பொடியும் கலந்த மஞ்சள் தண்ணீரில் நாற்பது ரோமானியக் காசுகள் ஊறிக்கொண்டிருந்தன. போன மாதம் அச்சில் அடித்த ரோமானியக் காசுகள். மஞ்சள் தண்ணீர் என்னவென்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. மருமகன் பிளாமென் மூன்று வாரமாக அந்த ஜாடியில்தான் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"நல்லா பச்சை பிடிச்சிருக்கு மாமா. எடுத்து அலசி, வார்னிஷ் அடிச்சா ஆயிரத்தெழுநூறு வருஷம் ஆயிடும்" என்று சிரித்தான் பிளாமென்.

"அலசறதுன்னா ஒழுங்கா தேய்ச்சுக் கழுவித் தொலை."

"தேய்ச்சா பச்சை போயிடுமே. மேலாக ஒரு முக்கு முக்கினா போதும்."

ராதோமிர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிர் மேசையில் அவருடைய சொந்த வேலை கிடந்தது. ஊரிலுள்ள பழங்காசு சேகரிப்பவர்கள் சங்கத்தில் சுத்தம் செய்யக் கொடுத்த நிஜக் காசுகள். அவற்றை மாதக்கணக்கில் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, பல் குத்தும் குச்சியால் மண்ணை மட்டும் பொறுமையாக நெருடி எடுப்பார். உண்மையான பச்சைக் களிம்பு, மண்ணுக்குள் கிடந்து செம்போடு செம்பாக இறுகியது. குச்சிக்கும் அசையாது, வார்னிஷைக் கரைக்கும் அசிட்டோனுக்கும் அசையாது. ராதோமிர் ஒரு காசைப் பார்த்துச் சரி என்றால் ஊரே கண்ணை மூடிக்கொண்டு வாங்கும். முப்பது வருடத்தில் சேர்த்த பெயர்.

அந்தப் பெயர்தான் பிளாமெனுக்கு வேண்டியிருந்தது. வசந்தத்தில் வந்து நேராகவே கேட்டான். "எங்கூட சந்தையில வந்து உக்காருங்க. இல்லேன்னா நானும் உங்க பொண்ணு நெவெனாவும் ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெர்ரி பறிக்கப் போறோம். மிலாவும் எங்களோடதான் வருவா." தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான் பூட்டிக் கிடந்தன. பேத்தி மிலாவுக்கு நாலு வயது. தாத்தா மடியில் உட்கார்ந்தால்தான் சோறு இறங்கும். ராதோமிருக்கு முடியாது என்று சொல்ல நா எழவில்லை.

"ஆனா என் வாயால பொய் சொல்ல மாட்டேன்டா" என்று மட்டும் சொன்னார்.

"நீங்க வாயே திறக்க வேண்டாம். கப்பல்ல வர்ற வெளிநாட்டுக்காரன் 'நிஜமா'ன்னு கேப்பான். நீங்க நம்ம வழக்கப்படி 'இல்ல'ன்னு தலையாட்டுங்க. அவனுக்குப் புரியலேன்னா அது அவன் தலையெழுத்து!"

பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் 'இல்லை'. இடமும் வலமும் ஆட்டினால் 'ஆமாம்'. டான்யூப் ஆற்றுக் கப்பலில் வந்து அரை நாள் ஊர் சுற்றுகிறவர்களுக்கு இது எங்கே தெரியப் போகிறது? கோடை முழுவதும் ராதோமிர் மேலும் கீழும் தலையாட்டினார். நான் இல்லை என்றுதானே சொன்னேன் என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டு, கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். தன்னைத்தானே இப்படிக் கொஞ்சிக்கொள்ளும் யோக்கியனைவிட அசிங்கமான பிறவி உண்டா?

அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கடை விரித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. கப்பலிலிருந்து இறங்கிய நெட்டையான கிழவர் ஒருவர் வந்து நின்றார். காதுக்கருவி, மடித்த தொப்பி, கையில் ஒரு சிறிய மொழிப் புத்தகம். ஜாடிக் காசு ஒன்றை எடுத்து, அதிலிருந்த பேரரசரின் தலையைப் பார்த்ததும் அதைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"நான்... நாப்பது வருஷம்... இவர் தேடி" என்று புத்தகத்தைப் பார்த்துத் திக்கித் திக்கிச் சொன்னார். "இது உண்மை?"

ராதோமிர் வழக்கம்போல மேலும் கீழும் தலையாட்டினார்.

கிழவரின் கண் கலங்கிவிட்டது. அடுத்த நொடி, காசை உதட்டருகே கொண்டுபோய் முத்தமிட்டார்.

ராதோமிரின் கண்முன் ஜாடி வந்தது. மேலாக ஒரு முக்கு! வேண்டாம், வேண்டாம் என்று பதறிப்போய் இன்னும் வேகமாகத் தலையாட்டினார், மேலும் கீழும், மேலும் கீழும். தன் சந்தோஷத்தில் இவரும் சேர்ந்துகொள்கிறார் என்று நினைத்த கிழவர் இன்னொரு முத்தம் அழுத்திக் கொடுத்தார். பிறகு கட்டைவிரலை நாக்கில் தொட்டுக் காசைத் தேய்த்தார். மறுபடி விரலை நாக்கில் வைத்தார்.

பக்கத்தில் பிளாமென் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

ராதோமிர் பாய்ந்து காசைப் பிடுங்கினார். பையிலிருந்த அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து ஒரே இழுப்பு. வார்னிஷும் பச்சையும் பஞ்சோடு வழிந்து வந்தன. அடியில் புதுச் செம்பு பளபளத்தது. பிறகு அவர் ஆயுளில் முதல்முறையாக, கிழவரின் நாட்டு வழக்கப்படி, இடமும் வலமும் தலையை ஆட்டினார். கழுத்து லேசில் வளையவில்லை. சுற்றி நின்ற ஊர்க்காரர்களுக்கு அது 'ஆமாம்' ஆகிவிடுமே என்று வாயையும் திறந்தார்.

"பொய்! அத்தனையும் பொய்க் காசு! மூத்திரத்துல ஊறப்போட்டது! ஐயா, முதல்ல வாயைக் கொப்பளிங்க!"

ரக்கியாச் சாராயப் புட்டியை நீட்டினார். பஞ்சைப் பார்த்தும் பக்கத்துக் கடைக்காரன் காட்டிய சைகையைப் பார்த்தும் விஷயம் புரிந்த கிழவர் வெளிறிப்போனார். இரண்டு வாய் கொப்பளித்துத் துப்பினார். ராதோமிரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கப்பலை நோக்கி நடந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ராதோமிருக்குத் தோன்றியது.

"கெடுத்துட்டீங்களே மாமா!" பிளாமென் பல்லைக் கடித்தான். "நீங்கதான் பொய்யே சொல்லலையே? இல்லேன்னுதானே தலையாட்டினீங்க?"

"ஆட்டினேன். எனக்கு மட்டும் புரியற மாதிரி ஆட்டினேன்."

"அப்போ நாளைக்கே ஸ்பெயின். மிலாவையும் கூட்டிட்டுப் போறோம், பாத்துக்குங்க."

ராதோமிர் பஞ்சை மேசையில் வைத்தார்.

"போங்க. நான் அழுவேன், சோறு இறங்காது, எல்லாம் தெரியும். ஆனா அந்தக் குழந்தை நாளைக்கு 'தாத்தா, நிஜமா?'ன்னு கேட்டா, எந்தப் பக்கம் தலையாட்டலாம்னு நான் யோசிச்சுட்டு நிக்க மாட்டேன். கேட்டுக்கோடா: கேக்கறவனுக்குப் புரியக்கூடாதுன்னே சொல்ற உண்மை, உண்மையே இல்ல. அது பச்சை பூசின பொய். நீ காசுக்குப் பூசினே. நான் என் மனசாட்சிக்கே பூசிட்டுத் திரிஞ்சேன்."