மாதப்பன் பார்த்து வாங்கிய சிப்

எங்கள் குடும்பத்தில் இழுக்கிற, சுற்றுகிற, ஓடுகிற எந்தப் பொருளையும் மாதப்பனைக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். மாதப்பன் காரிமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகர். என் மாமு அப்துல் சுபானின் கிணற்று மோட்டாரை அவர்தான் பார்த்து வாங்கினார். மொபெட்டும் அவர் பார்த்ததுதான். மிக்ஸி வாங்கப் போனபோதுகூட, ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்து, ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டு, நாலு மிக்ஸியை ஒதுக்கித் தள்ளினாராம். மாமி குல்ஷன் அதைப் பெருமையாகச் சொல்வாள். அந்த மிக்ஸி இன்னும் ஓடுகிறது. அதுதான் என் கெட்ட காலம். அவர் பார்த்து வாங்கியதில் ஒன்றாவது பழுதாகியிருந்தால், கம்ப்யூட்டர் விஷயத்தில் என்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள்.

தர்மபுரி கடைவீதியில் மாமு டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தார். எண்பத்தொன்பதாம் வருஷம் பெங்களூர் போனவர், ஒரு கடையில் பையன்கள் கம்ப்யூட்டரில் கார் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த நாளிலிருந்து அதே பேச்சு. கடையின் முன்பாதியில் ஒரு கம்ப்யூட்டர் போட்டு கேம் நடத்துவது என்று முடிவாயிற்று.

என் பெயர் பரிதா. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா போன பிறகு நானும் அம்மாவும் மாமு வீட்டு மாடியில் இருந்தோம். ஆறு மாதம் தினமும் பஸ்ஸில் சேலம் போய்க் கம்ப்யூட்டர் படித்து வந்தவள், எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். "கம்ப்யூட்டர் வந்தா அந்த நாற்காலியில நீதாம்மா" என்று மாமு எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வேறொன்றும் வேண்டாம். படிப்பு முடிந்து ஏழு மாதமாக மாமியோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் வாணியம்பாடியிலிருந்து யாராவது வந்து பெண் பார்ப்பார்கள். அப்புறம் அங்கே போய் வெங்காயம் உரிக்க வேண்டும்.

எந்தக் கம்ப்யூட்டர் வாங்குவது என்ற பேச்சு ஒரு நாள் காலையில் கடையில் நடந்தது. நடந்தது என்றா சொன்னேன்? என் தலைக்கு மேலே நடந்தது.

கம்ப்யூட்டருக்கு மூளை ஒரு சிப். அப்போது எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் இரண்டு வகை கிடைத்தது. பழையது 8088. புதியது 286, பல மடங்கு வேகம். சேலத்திலிருந்து நான் ஃப்ளாப்பியில் எடுத்து வந்திருந்த கார் கேம் பழைய சிப்புக்காக எழுதியது. அதை எழுதியவன் கடிகாரத்தைப் பார்த்து எழுதவில்லை. சிப் இத்தனை வரைக்கும் எண்ணி முடிக்கட்டும், பிறகு காரைக் கொஞ்சம் நகர்த்துவோம் என்று எழுதி வைத்திருந்தான். வேகமான சிப் சட்டென்று எண்ணி முடித்துவிடும், காரும் தலைதெறிக்க ஓடும். சேலத்தில் புது மெஷினில் போட்டு நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"286 வேண்டாம், 8088 போதும் மாமு" என்றேன்.

"அது மெதுவா, வேகமா?"

"மெதுவாத்தான் ஓடும். ஆனா நம்ம கேமுக்கு அதான் சரி."

மாதப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஏங் கண்ணு, நம்பரைப் பாத்தா எட்டாயிரத்துச் சொச்சந்தான பெருசு? அது எப்புடி மெதுவாவும்?"

"நம்பருக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லீங்கண்ணே."

"அப்ப வேகமானது எரநூத்துச் சொச்சம்?"

"ஆமாங்க."

"அப்பறம் என்ன? அதைத்தான் புடிக்கணும். சண்டி மாட்டை யாராச்சும் தேடிப் போயிப் புடிப்பாங்களா பாய்?"

மாமு சிரித்தார். மாமுவின் மகன் நூர் பாஷாவும் சிரித்தான். என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஃப்ளாப்பியை எந்தப் பக்கம் நுழைப்பது என்றுகூடத் தெரியாது. சிரிக்க மட்டும் தெரியும்.

சரி, மாதப்பன் பாஷையிலேயே சொல்லிப் பார்ப்போம் என்று, "அண்ணே, ஏர்ல பூட்டுன மாடு ஓட ஆரம்பிச்சா உழவு என்னாவும்?" என்று கேட்டேன்.

"ஓடுற மாட்டை மூக்கணாங்கயித்தைப் புடிச்சு இஸ்து நடக்க வெச்சுடலாம் கண்ணு. நடக்குற மாட்டை ஓட வெக்க முடியுமா?"

நியாயமான பேச்சுதான். எரிச்சலே அதில்தான். தப்பாகப் பேசுகிறவனோடு சண்டை போடலாம், பாதி சரியாகப் பேசுகிறவனை என்ன செய்ய? மற்றவர்கள் தலையாட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டரைத் தொட்டும் பார்த்திராத மூன்று பேர் அதன் மூளையைத் தேர்ந்தெடுத்தாயிற்று.

"நானும் பெங்களூர் வரேன் மாமு" என்றேன்.

"ஆம்பளைங்க மூணு பேர் போறோமில்ல? உனக்கெதுக்கு பஸ் அலைச்சல்?"

ஆறு மாதம் சேலம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தது அலைச்சல் இல்லையாம். ஒரு காகிதத்தில் கொட்டை எழுத்தில் '8088' என்று எழுதி மாமு கையில் கொடுத்தேன். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதைக் கேட்டேன். "கடைக்காரன்கிட்ட காட்டினேம்மா. பழசை இப்ப யாரும் கேக்கிறதில்லையேன்னு சிரிச்சான்" என்றார். மாதப்பன் கன்னடத்தில் பேசியே அந்தக் கடைக்காரனை மடக்கிவிட்டாராம். பஸ்ஸில் மானிட்டரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். அன்றைக்கு மாலை முழுக்க வீட்டில் இதே கதை.

மறுநாள் வியாழக்கிழமை திறப்பு. மாமு ஃபாத்திஹா ஓதினார். மாதப்பன் தன் பங்குக்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். கம்ப்யூட்டருக்குச் சக்கரம் இல்லாததால் மேசைக் காலடியில் வைத்து நசுக்கினார். கடைவீதியில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். ஆட வருகிறவர்களுக்குப் பெஞ்சு, நடத்துகிறவருக்கு நாற்காலி. நான் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். தேவையே இல்லாமல் கீபோர்டை ஒரு தடவை துடைத்தேன். சந்தோஷம்தான், வேறென்ன.

கேமைப் போட்டேன். திரையில் சாலை வந்தது, கார் வந்தது, உடனே மோதி நொறுங்கியது. மறுபடி போட்டேன். சாலை, கார், மோதல். என் விரல் கீபோர்டைத் தொடுவதற்குள், ஓர் ஆட்டத்துக்கு உள்ள மூன்று காரும் போய், ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வந்துவிட்டது. பின்னாலிருந்து யாரோ, "இதுதானா? கண்ணு சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சு போச்சே" என்றார்கள். சிரிப்பு பரவியது.

பெட்டியின் முகப்பில் சிவப்பு எழுத்தில் 12 என்று எரிந்துகொண்டிருந்தது. அது சிப்பின் வேகம். பக்கத்திலேயே டர்போ என்று ஒரு பட்டன். அப்பாடா என்றிருந்தது. வேகத்தைப் பாதியாகக் குறைக்கத்தான் அந்தப் பட்டன் என்று படித்திருக்கிறேன். அமுக்கினேன். 12 அப்படியே எரிந்தது. மறுபடியும் அமுக்கினேன். இருபது தடவை அமுக்கியிருப்பேன். பட்டன் உள்ளே போய் வந்ததே தவிர ஒன்றும் ஆகவில்லை.

"சிப்பு வேகமா இருக்கு மாமு, அதான் நான் அன்னிக்கே..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." மாமு ஊர் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னார். "இந்த வேகத்துக்குப் பொம்பளைக் கை பத்தாதும்மா. எந்திரி. பாஷா, நீ உக்காரு."

எழுந்தேன். பாஷா உட்கார்ந்து, என்னைவிடச் சீக்கிரமாக மூன்று காரையும் நொறுக்கினான். அவனை யாரும் எழுப்பவில்லை. "நாலு நாள்ல கை வந்துடும்" என்றார் மாமு. "புது மாடு அப்புடித்தான் தெறிக்கும் பாய். ரெண்டு நாள்ல படிஞ்சுரும்" என்றார் மாதப்பன். கூட்டம் கலைந்தது. அன்றைக்கு மாடியில் அம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் போகும்போது மாமு கடையை அடைக்க மாட்டார். டெக்கைத் திருப்பித் தருகிறவர்கள் வருவார்கள் என்று என்னை உட்காரவைத்துவிட்டுப் போவார். பாஷாவும் கூடவே போனான். சற்று நேரத்தில் மாதப்பன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவரோடு பேச எனக்கு இஷ்டமில்லை. அவரே ஆரம்பித்தார்.

"என்னா பொட்டி கண்ணு இது! கடைக்காரன் நம்மளை ஏமாத்தப் பாத்தான், தெரியுமா? முன்னாடி இருக்குது பாரு பட்டன். சும்மா அமுக்கிப் பாத்தேன். பன்னெண்டு இருந்தது ஆறா எறங்கிப் போச்சு. பாதி வலுவு! கன்னடத்துல புடிச்சேன் பாரு ஒரு புடி. 'என்னய்யா, பாதி வழியில படுத்துக்கற மாட்டையா எங்க தலையில கட்டறே'ன்னேன். உள்ள அந்த ஒயரைப் புடுங்கினாத்தான் யாவாரம்னு நின்னேன். அவன் பேந்தப் பேந்த முழிச்சான். கடைசியில புடுங்கிட்டான். இப்ப யாரு அமுக்கினாலும் எறங்காது."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் அடித்துக்கொள்வதா, அவர் தலையில் எதையாவது போடுவதா என்று தெரியவில்லை.

"மாதப்பண்ணே, அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க? ஓடுற மாட்டை எதைப் புடிச்சு நடக்க வெப்பீங்க?"

"மூக்கணாங்கயிறு."

"அந்தக் கயித்தைத்தான் அறுத்துட்டு வந்திருக்கீங்க."

அவர் பட்டனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்ததும் முகம் செத்துவிட்டது. நான் பரிதாபப்படவில்லை. மாமுவின் மேசையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கரண்ட்டை அணைத்து, பெட்டியைத் திறந்தேன். பட்டனிலிருந்து வந்த ஒயர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது மாட்ட வேண்டிய இரண்டு ஊசிகள் மேல், வேகம் குறையாதபடிக்கு ஒரு சின்ன மூடியைச் செருகியிருந்தான் கடைக்காரன். மூடியைப் பிடுங்கினேன். ஒயரைச் செருகினேன். டெக் பழுது பார்க்கிற நேரம்கூட ஆகவில்லை. ஒரு ராத்திரி முழுக்க என்னை வதைத்தது இவ்வளவுதான்.

கேமைப் போட்டு பட்டனை அமுக்கினேன். 6 என்று எரிந்தது. சேலத்தைவிடக் கொஞ்சம் வேகம்தான், ஆனால் விரலுக்கு எட்டியது. கார் வளைந்தது, ஒதுங்கியது, லாரியைத் தாண்டிப் போயிற்று. மாதப்பன், "அட அட" என்றார். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் கடை நிறைந்துவிட்டது. ஏரியூரிலிருந்து டிவி கேட்டு வந்த இரண்டு பேர் டிவியை மறந்து பெஞ்சில் உட்கார்ந்து மாறி மாறிக் காரை ஓட்டினார்கள். நான் நாற்காலியில் இருந்தேன்.

தொழுகை முடிந்து மாமுவும் பாஷாவும் வந்தார்கள். மாமு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"பாத்தியா! மாதப்பன் சொன்னது சொன்னதுதான். ரெண்டு நாள்ல படிஞ்சுடுச்சு பாரு!"

மாதப்பன் மீசையைத் தடவினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதுவா படியல மாமு" என்று சொல்லிப் பட்டனை அமுக்கினேன். 12. ஏரியூர்க்காரரின் கார் அந்த நொடியே நொறுங்கியது. மறுபடி அமுக்கினேன். 6. புதுக் கார் ஒழுங்காக ஓடியது. மறுபடி 12, நொறுங்கியது. "பாத்தீங்களா? வேகம்தான் கோளாறு. என் கையி கோளாறு இல்ல. வேகத்தைக் குறைக்கிற ஒயரைப் புடுங்கிப் போட்டது யாருன்னு அண்ணனையே கேளுங்க."

எல்லாரும் மாதப்பனைப் பார்த்தார்கள். முப்பது வருஷத் தரகு; ஒரு மாடுகூட அவர் பேரில் திரும்பி வந்ததில்லை. தொண்டையைச் செருமினார்.

"நாந்தான் பாய் புடுங்கச் சொன்னேன்" என்றார். "வெவரம் பத்தல. இந்தப் பொண்ணு பொட்டியத் தொறந்து மாட்டிச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

இப்போதாவது என்று நினைத்தேன். மாமு பட்டனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணில் பெருமைகூட இருந்தது. என் தோளைத் தட்டினார்.

"கெட்டிக்காரி! என் அக்கா பொண்ணுன்னா சும்மாவா? சரி, அந்தப் பட்டனை எப்ப அமுக்கணும்னு பாஷாவுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வூட்டுக்குப் போம்மா. மாமி தனியாக் கெடந்து சமைக்கிறா."

பாஷா நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டான். நான் எழுந்ததும் உட்காரத் தயாராக, நாற்காலி முதுகில் கைகூட வைத்துவிட்டான். அவனுக்கும் அதில் தப்பொன்றும் தெரியவில்லை. கடையில் யாருக்குமே தெரியவில்லை. கோபத்தைவிட அதுதான் என்னை அதிகம் நோகடித்தது.

"மாட்டேன் மாமு" என்றேன்.

"என்னது?"

"எந்திரிக்க மாட்டேன். நீங்கதான சொன்னீங்க, இது என் நாற்காலின்னு."

மாமுவின் சிரிப்பு அப்படியே நின்றது. பிறந்ததிலிருந்து அவரிடம் நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. நாற்காலியை மேசையோடு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டேன். கடை நிறைய ஆள் நிற்கும்போது என்னைக் கையைப் பிடித்து இழுத்து எழுப்ப அவரால் முடியாது. வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அது சாயங்காலத்துக்கு.

"அடுத்து யாருங்க?" என்று கேட்டேன். ஏரியூர்க்காரர்கள் எழுந்து பெஞ்சைக் காலி செய்தார்கள்.