எறும்புக்கு ஏற்றிய கனம்

“அப்பா, கனமா இருக்கிறது நல்லதா, கெட்டதா?”

என் மகள் ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. எங்கள் ரொட்டிக்கடைத் தராசின் மேல் ஏறி நின்று, முள் ஆடுவதைப் பார்த்தபடி கேட்டாள். அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்த நேரம். “இறங்கு, தராசு கெட்டுப்போகும்” என்றேன். அதுதான் நான் சொன்ன பதில். அவள் வளர்ந்து, படித்து, வேறு ஊருக்கு வேலைக்கும் போய்விட்டாள். இருபது வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை மத்தியானம், சுழலும் சக்கரம் ஒன்று மண்ணை வாரி என் முகத்தில் அடித்தபோது அந்தக் கேள்வி திரும்பி வந்தது.

நடந்தது இதுதான். ஊரின் மேற்கே உள்ள சரிவு நிலத்தை நகராட்சி துண்டு துண்டாகப் பிரித்து, தோட்டம் போட விரும்புகிறவர்களுக்கு வரிசைப்படி கொடுக்கிறது. என் மனைவி பெயர் கொடுத்துவிட்டு ஆறு வருடம் காத்திருந்தாள். அந்த ஆறு வருடமும் மாடியில் ஓட்டை வாளிகளில் தக்காளி வளர்த்தாள். ஒரு நாள் கடிதம் வந்தது. அதில் ஒரு நிபந்தனை. இரண்டு வாரத்துக்குள் நிலம் முழுவதையும் உழுதிருக்க வேண்டும். கடைசிச் சனிக்கிழமை பத்து மணிக்கு அலுவலர் வந்து பார்ப்பார். உழவு முடியாவிட்டால் நிலம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

கடிதத்தை அவள் மாவு மூட்டைக் கணக்கோடு சேர்த்துக் குத்திவைத்து, ஒரு நாளைக்கு மூன்று முறை எடுத்துப் படித்தாள். முதல் வாரம் இருவரும் மண்வெட்டியால் வெட்டினோம். வருடக்கணக்கில் தரிசாய்க் கிடந்த மண். புல்வேர் கயிறு கயிறாக ஓடியிருந்தது. கால் பங்கு முடிவதற்குள் என் இடுப்பு கையெழுத்துப் போட்டு விடுப்பு வாங்கிக்கொண்டது. பெரிய டிராக்டர் வைக்கலாம் என்றால், மேலே போகும் பாதை ஒரு தள்ளுவண்டி அகலம்தான்.

அப்போதுதான் என் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. லாரிப் பட்டறையில் மெக்கானிக். ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான். யாரோ பழைய இரும்புக்குத் தள்ளிவிட்ட ஒரு குட்டி டிராக்டரைத் தூக்கிவந்து உயிர் கொடுத்திருந்தான். தோட்டத்துக்கென்றே செய்தது. சிவப்பு நிறம், பின்சக்கரமே என் முழங்கால் உயரம்தான். எறும்பு என்று பெயர் வைத்திருந்தான்.

“மாமா, பாருங்க. ஒரு மணி நேரத்துல உழுது முடிச்சிட்டு டீ குடிக்கப் போயிடலாம்.”

கலப்பையை மாட்டி, சரிவில் ஏற்றினோம். எறும்பு பத்தடி போனது. பிறகு எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் நின்ற என் வாய் நிறைய மண்.

“வண்டி ரொம்ப லேசு, அதான் வழுக்குது. கவலைப்படாதீங்க, என்னை விட என்ன வெயிட் வேணும்?” என்று சொல்லி மச்சான் பின்பக்கக் கம்பியில் ஏறி நின்றான். நான் ஓட்டினேன். அடுத்த நொடி எறும்பு முன்னங்காலைத் தூக்கிவிட்டது. எனக்கு வானம் தெரிந்தது. மச்சான் குதித்து உருண்டான்.

“டேய், உன்னை ஏத்தினா குதிரை ஆயிடுச்சேடா!” என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் சிரித்து முடித்ததும் அவள் கண் நிலத்தின் மேல் போனது. சனிக்கிழமைக்கு ஐந்தே நாள்.

மச்சான் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். “கனம் பின்னால தொங்கக் கூடாதுக்கா. சக்கரத்துலயே இருக்கணும். கடையில ரெடிமேடா கிடைக்கும், ஆனா இந்த மாடலுக்கு வரவழைக்க ஒரு மாசம் ஆகும். சிமெண்டுல வட்டமா வார்த்து, போல்ட் போட்டு முடுக்கிடலாம்.”

“வட்டமா வார்க்கிறதா?” என்றேன். எனக்கு உடம்பெல்லாம் உற்சாகம் ஏறியது. முப்பது வருடமாக நான் வேறென்ன செய்கிறேன்?

அன்று சாயங்காலமே பன்னிரண்டு அங்குல கேக் தட்டு இரண்டை எடுத்தேன். எண்ணெய் தடவினேன். போல்ட் நுழைய வேண்டிய இடங்களில் குழாய்த் துண்டுகளை நிறுத்தினேன். மச்சானுக்கு அவசர அழைப்பு, நெடுஞ்சாலையில் ஏதோ லாரி நின்றுவிட்டது. “தண்ணி அளவா ஊத்துங்க மாமா, வியாழக்கிழமை வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். அளவா என்று எனக்கே சொல்கிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி சிமெண்டைக் கொட்டினாள், நான் கலக்கினேன். கரண்டியில் எடுத்தால் நாடா மாதிரி வழிய வேண்டும், அதுதானே பக்குவம்? அப்படி வழியும்வரை தண்ணீர் விட்டேன். தட்டில் ஊற்றி, குமிழி போக நாலு தட்டுத் தட்டினேன். கண்ணாடி போலப் படிந்தது.

“ஏங்க, அழகா இருக்குங்க. மேல முந்திரி வைக்கட்டுமா?”

“ஒண்ணு மட்டும் வை, யார் செஞ்சதுன்னு தெரியட்டும்.”

சீக்கிரம் கெட்டியாகட்டுமென்று இரண்டு தட்டையும் அடுப்பை ஒட்டிய சூடான மேடையில் ஏற்றினேன். மூன்று நாளும் போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்த்தோம். மனைவி படுக்கும் முன் செய்யும் பிரார்த்தனையில் எறும்பின் பெயரும் சேர்ந்துவிட்டது. நான் கேலி செய்யவில்லை. மேலே இருந்து கேட்கிறவர் பெரிய விஷயம் சின்ன விஷயம் என்று பிரித்துக் கேட்பதில்லை என்பது என் நம்பிக்கை.

வியாழக்கிழமை காலை மச்சான் வந்தான். தட்டைக் கவிழ்த்தேன். பிஸ்கட் நொறுங்குவது போல ஒரு சத்தம். நாலு துண்டு. இரண்டாவதைக் கவிழ்த்தேன். அது துண்டுகூட இல்லை, தூள்.

மச்சான் ஒரு துண்டை எடுத்து விரலால் தேய்த்தான். உதிர்ந்தது. அடுப்பு மேடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“மாமா... சிமெண்டை வேக வெச்சீங்களா?”

“கெட்டியாகட்டும்னு...”

“அது காய்ஞ்சு கெட்டியாகறதில்ல மாமா. தண்ணியைக் குடிச்சுக் குடிச்சுத்தான் கெட்டியாகும். ஈரச்சாக்கு போட்டு மூடணும். நீங்க கூழாக் கரைச்சு, அடுப்புலயும் வெச்சிருக்கீங்க!”

என் மனைவி திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் துடைப்பத்தை எடுத்துத் தூளைக் கூட்டினாள். தூளோடு ஒரு முந்திரியும் உருண்டது. மறுபடி வார்த்தாலும் சனிக்கிழமைக்குள் இறுகாது.

அந்த நேரத்தில்தான் தையற்காரர் ரொட்டி வாங்க வந்தார். எதிர்த்தெரு மாடியில் கடை. ஊரே அவரை ஊசி என்றுதான் சொல்லும், அவ்வளவு ஒல்லி. நகராட்சிப் பலகையில் ஒட்டிய வரிசையில் என் மனைவிக்கு அடுத்த பெயர் அவருடையது. அது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால் இரண்டு வாரமாக ரொட்டி, சில்லறை தவிர வேறு பேச்சு இல்லை.

குப்பை முறத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற எறும்பைச் சுற்றிவந்தார். பின்சக்கரத்தின் நடுவில் கையை விரித்து, ஒரு சாண், நாலு விரல் என்று சட்டைக்கு அளவெடுப்பது போல அளந்தார். ரொட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

“சந்தோஷத்துல ரொட்டியையே மறந்துட்டார் பார்” என்றேன். இப்போது நினைத்தாலும் அந்த வார்த்தைக்காக வெட்கப்படுகிறேன்.

அரை மணி நேரத்தில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. தையற்காரர் மூச்சுவாங்க நின்றார். வண்டியில் நான்கு இரும்புத் தட்டு. உடற்பயிற்சிக்குத் தூக்குகிற வட்டத் தட்டு, ஒவ்வொன்றிலும் பத்து என்று பொறித்திருந்தது.

“வயசுல உடம்பு ஏத்தணும்னு வாங்கினேன்” என்றார். “உடம்பு ஏறல. துணி வெட்டும்போது நகராம இருக்க மேல வைக்கிறேன். சக்கரத்துக்கு ரெண்டு வெச்சா இருபது கிலோ. அளந்து பார்த்தேன், காத்தடிக்கிற வால்வையும் மறைக்காது.”

மச்சான் ஒன்றைத் தூக்கித் திருப்பினான். “அண்ணே, அருமையான இரும்பு. ஆனா போல்டுக்கு ஓட்டை போடணுமே. உங்க பொருள் வீணாயிடும்.”

“போடுங்க தம்பி. ஓட்டை போட்டா கனம் குறைஞ்சிடுமா?”

என் மனைவி முன்னால் வந்தாள். “அண்ணே, பலகையில அடுத்த பேரு உங்களுதுதானே?”

“ஆமாம்மா. எனக்கும் படிக்கத் தெரியும்.”

“அப்புறம் ஏண்ணே?”

அவர் தலையைச் சொறிந்தார். “நீங்க தோத்து எனக்கு நிலம் கிடைச்சா, அப்புறம் உங்க கடை ரொட்டி எனக்கு எப்படிம்மா தொண்டையில இறங்கும்? ஊர்ல வேற நல்ல ரொட்டியும் கிடையாது.”

மனைவி அன்று அவரிடம் ரொட்டிக்குக் காசு வாங்க மறுத்தாள். அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் எங்கள் பின்கட்டில் திருவிழாதான். மச்சான் துளைபோடும் கருவியை அழுத்த, இரும்புச் சுருள் மினுமினுவென்று உதிர்ந்தது. நான் குறி போட்டேன், மனைவி எண்ணெய் விட்டாள். ஒரு தட்டுக்கு இரண்டு துளை, நாலு தட்டுக்கு எட்டு. எட்டாவது துளையில் முனை மறுபக்கம் எட்டிப்பார்த்தபோது மூவரும் கத்தினோம். தட்டுகளைச் சக்கரத்தின் துளைகளோடு சேர்த்து நீள போல்ட் கொடுத்து முடுக்கினோம். எறும்பு அகலமாய், புதுச்செருப்பு போட்ட குழந்தை மாதிரி நின்றது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நிலத்தில் இருந்தோம். தையற்காரரும் வந்து ஓரமாக நின்றார். மச்சான் வண்டியைக் கிளப்பினான். சக்கரம் ஒரு சுற்று வழுக்கியது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த சுற்றில் டயர் மண்ணைக் கடித்தது. கடித்ததை விடவில்லை. எறும்பு மெதுவாக, பிடிவாதமாக மேலே ஏறியது. கலப்பைக்குப் பின்னால் கறுப்பாக ஈரமண் புரண்டு விழுந்தது.

“ஏறுதுடா! ஏறுதுடா!” என் மனைவி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உழுத சாலிலேயே பின்னால் ஓடினாள். ஐம்பத்திரண்டு வயது அவளுக்கு. வண்டியை முந்திவிடுவாள் போலிருந்தது.

எட்டரை மணிக்கு ‘டொக், டொக்’ என்றது. இடப்பக்கத் தட்டு ஆட்டம் கண்டிருந்தது. அதிர்வில் நட்டு கழன்றுகொண்டே வந்தது. முடுக்கினால் பத்து நிமிடத்தில் மறுபடி கழன்றது. இன்னும் கால் பங்கு பாக்கி.

தையற்காரர் குனிந்து பார்த்தார். “தம்பி, ஒத்தைத் தையல் எங்கேயும் நிக்காது. முடிக்கிற இடத்துல திரும்ப ஒரு தையல் போட்டுத்தான் நூலை அறுப்போம். இதுக்கு மேலேயே இன்னொரு நட்டு போட்டு இறுக்கினா என்ன?”

மச்சான் நெற்றியில் அடித்துக்கொண்டான். “பதினஞ்சு வருஷம் பட்டறையில இருக்கேன். அவசரத்துல மறந்துட்டேன் பாருங்க! அண்ணே, கடையை மூடிட்டுப் பட்டறைக்கு வந்துடுங்க.”

“உங்க பேண்ட்டை யாரு தைப்பாங்க? ஒரு பேண்ட்டுக்கு மூணு பேர் துணி வேணும்.”

ஒவ்வொரு போல்டுக்கும் இரண்டாவது நட்டு ஏறியது. அதன் பிறகு சத்தமே இல்லை. அலுவலர் அம்மா அளவு நாடாவோடு பாதையில் வந்தபோது, எறும்பு கடைசிச் சாலின் பாதியில் இருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் மூச்சு விடவில்லை. எறும்பு வேலியோரத்தைத் தொட்டு நின்றது. அவர் நிலத்தைச் சுற்றி நடந்து, மண்ணைக் குச்சியால் குத்திப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். “வண்டி நல்லா இருக்கே” என்று மட்டும் சொன்னார். என் மனைவி அந்த மண்ணிலேயே முழங்காலிட்டு நன்றி சொன்னாள். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

அன்று மகளைப் போனில் கூப்பிட்டேன். “நீ சின்னப்பிள்ளையில ஒண்ணு கேட்டியேம்மா, கனம் நல்லதா கெட்டதான்னு. மேல ஏறணும்னா, தரையை ஒட்டி இருக்கிற கனம் நல்லதும்மா.” அவளுக்குக் கேள்வி ஞாபகமே இல்லை. “அப்பா, வெயில்ல ரொம்ப நின்னீங்களா?” என்றாள்.

எட்டு மாதம் கழித்துத் தையற்காரருக்கும் கடிதம் வந்தது. எங்களுக்கு நாலு துண்டு கீழே. எங்களுடையதைவிட இறுகிய மண். பள்ளிச் சீருடை தைக்கும் மாதம் அது, அவர் காலை மிஷினைவிட்டு எடுக்க நேரமில்லை. “எறும்பைக் கொண்டுவரட்டுமா?” என்று கேட்டேன்.

“வேண்டாங்க. ஞாயித்துக்கிழமையில நானே வெட்டிக்கிறேன். கொடுத்ததுக்குப் பதில் வாங்கிட்டா, அப்புறம் கொடுத்ததுக்கு என்ன அர்த்தம்?” என்று சொல்லி நூலைப் பல்லால் அறுத்தார். ஒரு ஞாயிறு முழுக்க வெட்டியும் அவர் கட்டில் அகலம்தான் முடித்திருந்தார்.

புதன்கிழமை மத்தியானம், அடுப்பு ஓய்ந்திருக்கும் நேரத்தில், எண்ணெய் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கொளுத்தும் வெயில். தோட்டங்களில் ஒரு ஆள் இல்லை. எறும்பை அவர் நிலத்தில் இறக்கி, மேலிருந்து கீழாகவும் குறுக்காகவும் உழுதேன். கல்லைப் பொறுக்கி வேலியோரம் அடுக்கினேன். அவர் வெட்டிய பகுதியை மட்டும் அப்படியே விட்டேன். அது அவருடைய உழைப்பு.

பிறகு ஒரு இலைக்கொப்பை ஒடித்து, பாதையில் பதிந்திருந்த சக்கரத் தடங்களைக் கூட்டி அழித்தேன். வீட்டுக்கு வந்து அந்த நான்கு தட்டிலும் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவினேன். பத்து, பத்து, பத்து, பத்து. கையைத் துடைத்துக்கொண்டு சாயங்கால ரொட்டிக்கு மாவு பிசைய உட்கார்ந்தேன்.