கொலுவுக்குப் பின்னால் ஒரு திரை

ஸ்ரீவித்யாவுக்கு ரசனை உண்டு, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. புனே மகர்பட்டாவில் அவள் குடியிருக்கும் டவரே அவளுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்க்கும். ஏதோ படத்தில் கதாநாயகி கட்டிய புடவை, ஓவியம், பித்தளைக் கூஜா, எதைப் போட்டாலும் 'இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பொறி தட்டியது' என்று கீழே எழுதிவிடுவாள். ஜனங்களும் வாயைப் பிளப்பார்கள்.

இந்த நவராத்திரிக்கு வந்தவர்கள் பொம்மைகளையா பார்த்தார்கள்? படிகளுக்குப் பின்னால் தொங்கிய திரையைத்தான். பட்டுத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த திரை. அடேயப்பா, கண்ணை எடுக்க முடியாது.

அது வந்த கதை இதுதான். ஜூலையில் ஒருநாள் கொட்டுகிற மழையில், வீட்டு வேலை செய்யும் மங்கல் தாயியை ஸ்கூட்டரில் ஏற்றி ஹடப்சரில் அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அங்கே கட்டிலில் ஒரு கோதடி கிடந்தது. பழைய புடவைகளை வெட்டி அடுக்கித் தைக்கும் போர்வை, மங்கலே தைத்தது. படம் எடுத்துக்கொள்ளலாமா என்று ஸ்ரீவித்யா இந்தியில் கேட்டாள். மங்கலுக்கு ஒரே சந்தோஷம், உதறி விரித்துக் காட்டினாள். அந்தப் படத்தைத்தான் தையல்காரரிடம் கொடுத்து, இம்மி பிசகாமல் பட்டில் தைத்து வாங்கினாள் மகராசி.

நாற்பது வருஷமாகப் புனேவில் இருக்கும் சரசா மாமி கொலு பார்க்க வந்தாள். "ஏண்டி வித்யா, இந்த யோசனை உனக்கு எங்கேர்ந்து வந்தது?"

அந்த நேரம் பார்த்து மங்கல் சுண்டல் கிண்ணங்களோடு கூடத்துக்கு வந்தாள். வந்தால் என்ன, தமிழ்தானே பேசுகிறோம், இவளுக்கு என்ன புரியப்போகிறது என்று ஸ்ரீவித்யாவுக்குத் தைரியம். "போன வருஷம் ஆம்ஸ்டர்டாம் போனோமே மாமி, அங்கே மியூசியத்துல ஒரு ஓவியம். அப்படியே மனசுல ஒட்டிண்டுடுத்து."

மாமி மங்கல் பக்கம் திரும்பி, உனக்குப் பிடித்திருக்கிறதா என்று மராத்தியில் கேட்டாள்.

"நன்னா இருக்கு, மாமி," என்றாள் மங்கல், நல்ல தமிழில். "தீதி ஃபாரின்ல பார்த்துட்டு வந்திருக்கா. இங்கே எங்கே இப்படிக் கிடைக்கும்?"

"அட, தமிழ் பேசறியே!"

"இங்கே வரதுக்கு முன்னாடி ஆறு வருஷம் ஒரு தமிழ் மாமி ஆத்துல வேலை பார்த்தேன்."

ஸ்ரீவித்யாவுக்குக் காதெல்லாம் எரிந்தது. இப்போதாவது சொல்லிவிடலாம். ஒரே வரி, இது மங்கலோட கோதடி மாமி என்று. வாயைத் திறந்தாள். "காபி சாப்பிடறேளா மாமி?" என்றுதான் வந்தது. சீ, இதெல்லாம் ஒரு வாயா!

மாமியை வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பிவிட்டு, சமையலறைக்கு ஓடினாள். மங்கல் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தப்பு பண்ணிட்டேன் தாயி. மாமிக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"வேண்டாம் தீதி. பொய்தானே, போகட்டும்." மங்கல் குழாயை மூடினாள். "ஆனா உங்க அக்காகிட்ட போன்ல சொன்னேளே, நான் பக்கத்துல தரை துடைச்சிண்டிருந்தேன். ஒண்ணும் தெரியாதவ, கைக்கு வந்த கந்தலை எல்லாம் சேர்த்துத் தைச்சிருக்கா, ஏதோ அதிர்ஷ்டம், அழகா அமைஞ்சுடுத்துன்னு."

ஸ்ரீவித்யா சொல்லியிருந்தாள். அதே வார்த்தைகள்தான்.

"எதுக்குப் பக்கத்துல எதுன்னு தரையில பரப்பி வெச்சு பத்து நாள் பார்த்தேன் தீதி. அப்புறம்தான் ஊசியையே தொட்டேன்."