ஆற்றங்கரைப் போரில் யானை

பொய்ப்பல் செய்பவளுக்கு மயிரிழை பிசகினாலும் மனசு ஆறாது. பகலெல்லாம் யார் யார் வாய்க்கோ பல் செதுக்குவாள். வீடு திரும்பியதும் விரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களுக்குச் சட்டைப் பொத்தான் வரைவாள். என்றோ நடந்த ஓர் ஆற்றங்கரைப் போரை அப்படியே சாப்பாட்டு மேசையில் நிறுத்த வேண்டும் என்பது ஆசை. பச்சை கொஞ்சம் தூக்கலாகிவிட்டதென்று ஒரு படைப்பிரிவையே பெயின்ட் கரைக்கும் தின்னரில் ஊறப்போட்டு மறுபடி பூசியவள் அவள்.

ஞாயிறுதோறும் அந்தப் போரைப் பகடை உருட்டி ஆடுவாள். எதிர்ப்படையை, அதாவது நிஜப் போரில் தோற்ற படையை, நடத்த வருபவன் அவள் கொழுந்தன், லாரி மெக்கானிக். அந்த வாரம் அவன் பைக்குள்ளிருந்து ஒரு யானையை எடுத்து வைத்தான். முதுகில் பீரங்கி.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"பொம்மைக் கடையிலேர்ந்து அண்ணி. நல்லா இருக்குல்ல?"

"அந்தப் போர்ல யானையே கிடையாது."

"அதான் தோத்துட்டானுங்க."

யானையை எடுத்து அலமாரிமேல் வைத்தாள். சரி என்று அவன் பகடையை உருட்டப் போனான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"உன் குதிரைக்காரங்கள்ல பாதிப் பேருக்கு அன்னிக்குக் காய்ச்சல். ஆத்துல வேற வெள்ளம். தாண்ட முடியாது."

"அப்ப நான் என்னதான் பண்ணணும்?"

"கரையிலேயே இரு. சாயங்காலம் சரணடைவே."

"தோக்கறதுக்குன்னே ஒருத்தன் லீவு நாள்ல குளிச்சுக் கிளம்பி வருவானா அண்ணி?" அவன் யானையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வீம்புக்கு அவளே இரண்டு பக்கமும் ஆடினாள். வெள்ளம் வந்தது, காய்ச்சல் வந்தது, சரணும் அடைந்தார்கள். எல்லாம் அச்சு அசலாக நடந்தது. காபி ஆறுவதற்குள் போர் முடிந்துவிட்டது. யார்மேல் எரிச்சல்படுவது என்றே தெரியவில்லை.

"புத்தகத்துலயே இருக்கறதுக்கு மேசை எதுக்கு?" என்று கணவர் வேறு கேட்டு வைத்தார்.

கடைசியில் அவளே போன் செய்தாள். "யானையை எடுத்துட்டு வா. ஆனா மேலே பீரங்கி வெடிச்சா அது மிரளும். உன் ஆளுங்களையே மிதிக்கும்."

"மிதிக்கட்டும். அதுக்கும் பகடை போடுவோம்."

வந்தான். யானை வெள்ளத்தைத் தாண்டியது, ஒருமுறைகூட மிரளவில்லை. கண் வலிக்கப் பொத்தான் வரைந்த பச்சைச் சட்டைகள் வரிசையாகச் சாய்ந்தன. எப்போது நாற்காலியை விட்டு எழுந்தாள், எப்போது பகடையைக் கைக்குள் வைத்து ஊதினாள் என்று அவளுக்கே தெரியாது. தோற்றாள். கொழுந்தன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்ததே என்று கோபமும் வந்தது. நிஜத்தில் இப்படி நடக்கவேயில்லையே என்பது நெஞ்சை அரித்துக்கொண்டே இருந்தது.

"அடுத்த வாரம் ஒட்டகம் கொண்டு வரவா?" செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

அவள் பல்லைக் கடித்தாள்.

"அதுக்கு என்ன கலர் அடிச்சிருக்கான்?"

"ஊதா."

"முதல்ல என்கிட்ட குடு" என்றாள்.