மூடியில் எழுதியது

காலை ஒன்பது நாற்பது. ஆய்வகத்து இன்குபேட்டரைத் திறந்தவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

உள்ளே இரண்டு தட்டுகள். இரண்டிலும் பாக்டீரியா பாலாடைபோலப் படர்ந்திருந்தது. மூடியில் 'தம்பி' என்று எழுதியிருந்த தட்டில் ஆடை பொத்தல் பொத்தலாகக் கிழிந்திருந்தது. வைரஸ் தின்ற இடங்கள்.

பன்னிரண்டு நாளாகத் தம்பியின் காலைச் சீழ் அரிக்கிறது. எந்த மருந்துக்கும் மசியவில்லை. அந்தப் பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் கிடைத்தால் அதுதான் மருந்து. இன்று பதினொரு மணிக்கு அந்தக் காலையே வெட்டி எடுத்துவிடுவார்கள். அவள் முப்பத்தோரு சாக்கடைகளின் தண்ணீரை அந்தச் சீழின் பாக்டீரியாமேல் விட்டுப் பார்த்துவிட்டாள். எல்லாவற்றிலும் கோடிக்கணக்கில் வைரஸ். ஆனால் அதுகளுக்கு வீம்பு அதிகம். ஒரு பாக்டீரியாவின் மேல்தோலில் தனக்கேற்ற பிடி இருந்தால்தான் அதில் உட்காரும். இல்லையென்றால் ஏறெடுத்தும் பார்க்காது. இது முப்பத்திரண்டாவது தண்ணீர்.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"கிடைச்சிடுச்சுடா!"

"நிஜமாவாக்கா? அப்ப செருப்பு ஜோடியாவே வாங்கலாம்."

தண்ணீர் அள்ளி வருபவன் ஓடி வந்தான். ஆய்வகத்தில் அவனுக்குப் பெயரே சாக்கடைதான்.

"என் தண்ணிதானே? இனிமேலாவது மூக்கைப் பொத்தாம என்கூடப் பேசு."

தட்டைக் கவிழ்த்துப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"அடியில ஒண்ணுமே எழுதலையே?"

மூடி மாறும், அடித்தட்டு மாறாது. வேலைக்குச் சேரும் முதல் நாளே சொல்லித் தருவது. நேற்று அவசரத்தில் அவள் மூடியில் எழுதினாள். துளிகள் காய இரண்டு மூடிகளையும் கழற்றி வைத்தாள். மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே மூடினாள்.

எந்த மூடியை எந்தத் தட்டுக்கு?

இன்னொரு தட்டு, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த ஆய்வகத்துப் பழைய பாக்டீரியா. வாயில்லாப் பூச்சி. முப்பத்தோரு முறையும் பொத்தல் விழுந்தது அதில்தான். இந்த முறை மட்டும் விழவில்லையாம். இன்குபேட்டரைத் திறந்தபோது அந்தத் தட்டை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்தாள். பாக்டீரியா இரண்டும் ஒரே வெள்ளை.

"மறுபடி போடலாம். சாயங்காலம் தெரிஞ்சிடும்," என்றான் அவன். "டாக்டர்கிட்ட ஒரு நாள் கேளேன்."

"கேட்டாச்சு. விஷம் ரத்தத்துல ஏறிட்டா அப்புறம் ஆளே இல்லைன்னார்."

போன் அடித்தது. அறுவைச் சிகிச்சை டாக்டர்.

"உங்க தம்பி ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடமாட்டேங்கிறார்மா. அக்கா மருந்தோட வர்றாங்கன்னு ஒரே பிடிவாதம். வர்றீங்களா?"