ஏழாவது வரி

பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் டிரையர் தீப்பிடித்து மூக்கன் என்ற தொழிலாளி செத்த மூன்றாம் நாள், குன்னூரில் ஷண்முகப்ரியா தன் போனில் அந்த டிரையருக்கான இணையக் கையேட்டுப் பக்கத்தைத் திறந்தாள். அவளே வடிவமைத்த பக்கம்.

டிரையரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் அடிக்க வேண்டிய நிரல் வரிகளைக் கோயமுத்தூர் கம்பெனி எழுதித் தரும். அவற்றை இணையக் கையேட்டில் கட்டம் போட்டு, கட்டளைக்கு நீலம், எண்ணுக்கு ஆரஞ்சு, குறிப்புக்குச் சாம்பல் என்று நிறம் பிரித்து வைப்பது அவள் வேலை. நீளமான வரிகளைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கக் கட்டத்தின் அடியில் ஒரு பட்டை இருந்தது. "பாக்கறக்கு அசிங்கமா இருக்குதுங்க, எடுத்துருங்க" என்று கம்பெனி மேலாளர் கீர்த்திவாசன் போன மாதம் போனில் சொன்னார். எடுத்தாள். லேப்டாப்பில் வரி முழுசாகத் தெரிந்தது. போனில் திறந்து பார்க்கவில்லை.

டிரையர் அறைக்கு யாரும் லேப்டாப் கொண்டுபோவதில்லை. அந்த ஃபேக்டரியின் டெக்னீஷியன் சில்வஸ்டர் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுத்தெழுத்தாக அடித்திருக்கிறார். போன் திரையில் ஏழாவது வரி பாதியோடு நின்றது. சூடு எல்லை மீறினால் பர்னரை அணைக்கும் கட்டளை, மறைந்த பாதியில். தெரிந்த பாதியும் அடைப்புக்குறியில் முடிந்ததால் பெட்டி அதை முழு வரியாகவே ஏற்றுக்கொண்டது.

கீர்த்திவாசன் கூப்பிட்டார். "ரெண்டு மணிக்கு அதிகாரிங்க விசாரணைக்கு வராங்க. அதுக்குள்ள பக்கத்தச் சரி பண்ணிருங்க. கடைசியா மாத்துன தேதி பழசாவே இருக்கட்டும்."

"சார், அப்ப பழி சில்வஸ்டர் மேலதானுங்களே விழும்?"

"நாப்பது ஃபேக்டரில இதப் பாத்துத்தான் அடிக்கறாங்க. இப்படியே உட்டு இன்னொருத்தன் செத்தா நீங்க போய்ப் பதில் சொல்றீங்களா?"

"ஏற்கெனவே அடிச்சவங்களுக்கு?"

"அத நான் பாத்துக்கறேன். பட்டைய எடுத்தது யார் கைன்னு யாராச்சும் கேட்டா, என்ன சொல்லட்டுங்க?"

பாதி வரி தெரியும் திரையை முதலில் படமெடுத்து வைத்தாள். பிறகு, நீளமான வரி மடிந்து கீழே இறங்கும்படி மாற்றினாள். தேதி பழையதாகவே நின்றது.

ஒன்றரை மணிக்கு உதவி எண்ணுக்கான தனிப் போன் அடித்தது. அதை எடுப்பதும் அவள்தான்.

"மேடம், பந்தலூர் சில்வஸ்டர் பேசுறேன். அந்தப் பக்கத்த இப்பத் தொறந்தேன். ஏழாவது வரி முழுசா இருக்கு. மாதா மேல சத்தியமா, அன்னைக்குப் பாதிதான் பாத்தேன். மூக்கன் சம்சாரத்துகிட்டயும் அதத்தான் சொன்னேன். நாந்தான் சரியாப் பாக்கலையா? அத மட்டும் சொல்லுங்க மேடம்."

படம் இன்னொரு கையிலிருந்த அவள் போனிலேயே இருந்தது. அனுப்ப ஒரு நொடி போதும். அந்தத் திரையில் அப்போது கீர்த்திவாசனின் பெயர் வர, போன் அடிக்கத் தொடங்கியது.

"அந்த வரி எப்பவுமே அங்கதாங்க இருந்துச்சு" என்றாள்.



"அப்ப நாந்தான்" என்றார் சில்வஸ்டர். வைப்பதற்கு முன் நன்றியும் சொன்னார்.